டெக் இருந்த இடத்தில் எதை வைப்பது?

வீடியோ கேசட்டை வெளியே எடுக்க, டெக்கின், அதாவது வி.சி.ஆரின், பட்டனை அழுத்தினேன். டெக்குக்குள் மோட்டார் இரண்டு முறை முனகியது. கேசட் பாதி தூரம் மேலே வந்து நின்றுவிட்டது. வாய்க்கதவை விரலால் விலக்கிப் பார்த்தால், கரும்பழுப்பு டேப் ஒரு முழ நீளத்துக்கு உள்ளே இழுபட்டுக் கிடக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். ரப்பர் உருளையைச் சுற்றி டேப் மூன்று நான்கு சுற்று இறுகியிருந்தது. கத்தரியை வைத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் கேசட்டின் முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அதனால் ஒன்றரை மணி நேரம் ஆனது. உருளையை விரல் நுனியால் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பி, டேப்பின் ஓரம் மடங்காமல், ஒவ்வொரு சுற்றாக விடுவித்தேன். கடைசியில் கசங்கிய பகுதி ஒரு சாண்கூட இல்லை.

மூடி திறந்திருந்ததால் அன்றைக்குத்தான் அந்த இயந்திரத்தை நிதானமாகப் பார்த்தேன். நடுவில், சற்றே சாய்ந்து நிற்கும் பளபளப்பான உருளை. விட்டம் 62 மில்லிமீட்டர். அதன் விளிம்பில், டேப்பில் படத்தை எழுதவும் படிக்கவும் செய்கிற, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற ஹெட்டுகள். டேப் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகரும். ஒலியைப் பதிய அது போதும், படத்துக்குப் போதவே போதாது. டேப்பை வேகமாக ஓடவிட்டால் ஒரு கேசட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் டேப்பை மெதுவாக விட்டுவிட்டு ஹெட்டைச் சுழற்றினார்கள். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்கான டெக்கில் அந்த உருளை நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு ஹெட்டும் நொடிக்கு ஏறக்குறைய 4.85 மீட்டர் வேகத்தில், டேப்பின் குறுக்கே சாய்கோடு சாய்கோடாக எழுதிக்கொண்டே போகிறது. ஒரு கோடு தவறினாலும் படத்தில் தெரியும். சுமார் 250 மீட்டர் டேப்பில் இப்படி மூன்று மணி நேரம். இவ்வளவு நுட்பமான ஒன்றை வீட்டு அலமாரியில் வைத்து, தூசியும் வெயிலும் பட்டு, இருபது வருடம் வேலை வாங்கியிருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்புதான்.

ஆனால் ரப்பர் இறுகிப் போயிருந்தது, பெல்ட் தளர்ந்திருந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ கேசட் முறை 1975 இல் வந்தது, அதற்குப் போட்டியான ஜேவிசியின் வி.எச்.எஸ். 1976 இல். கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. உதிரி பாகமும் ஆளும் கிடைப்பதைப் பொறுத்து இனி ஒவ்வொரு டெக்கின் ஆயுள். சரி, இதற்குப் பதிலாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த தேடல் எட்டு மாதம் இழுத்தது. அந்த எட்டு மாதத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்கும் யாருக்காவது ஒரு வருட அலைச்சல் மிச்சமாகும்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, டெக் நமக்கு என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது. நாம் வீட்டில் இல்லாதபோது நிகழ்ச்சியைப் பதிந்து வைத்தது. பிடித்ததை வருடக்கணக்கில் காத்தது. அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் எடுத்துக் கொடுக்க முடிந்தது. பழைய கேசட்டுகளைப் போட்டுக் காட்டியது. ஒரே பெட்டி, நான்கு வேலை. இன்றைக்கு இந்த நான்கையும் செய்யும் ஒரே கருவி புதிதாகக் கிடைப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் தேடினால் எந்தக் கருவியைப் பார்த்தாலும் ஏதோ ஒன்று குறைவதாகவே தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. நான் கொண்டுவந்து காட்டிய ஒவ்வொரு கருவியின் ரிமோட்டையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதுல சிவப்பு பட்டன் எங்கடா இருக்கு?" டெக்கில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அமுக்கினால் பதியும். கருவியை மதிப்பிட இது நல்ல அளவுகோல் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மூன்று மெனுவுக்குள் இறங்கினால்தான் பதிவு தொடங்கும் என்றால், அந்தக் கருவியை வீட்டில் ஒருவர் மட்டும்தான் பயன்படுத்துவார்.

நான் முதலில் வாங்கியது ஹார்டு டிஸ்க்கும் உள்ளே இருந்த பழைய டிவிடி ரெக்கார்டர். டெக்குக்கு மிக நெருங்கிய சொந்தம் இதுதான். எதிரே ஒரு தட்டு, அதில் வட்டை வைக்கிறோம், பதிகிறோம், எடுத்து லேபிள் எழுதுகிறோம். படமும் தெளிவு. வி.எச்.எஸ். டேப்பில் கிடைமட்ட நுணுக்கம் 240 கோடு அளவுதான், டிவிடியில் 500 வரை போகும். ஒரு 4.7 ஜிபி வட்டில் எக்ஸ்.பி. தரத்தில் ஒரு மணி நேரம், எஸ்.பி.யில் இரண்டு, எல்.பி.யில் நான்கு, ஈ.பி.யில் ஆறு. நான்கு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். அதற்குமேல் பல கருவிகள் படத்தின் நுணுக்கத்தையே வெட்டிவிடுகின்றன. ஓடும் ஆள் கட்டம் கட்டமாகச் சிதறுவார். டேப்பில் பதிந்ததே இதைவிட நன்றாக இருக்கும்.

வட்டு வாங்குவது தனிப் பாடம். பெயரில் கழித்தல் குறி போட்டது, கூட்டல் குறி போட்டது, ஒருமுறை மட்டும் எழுதுவது, அழித்து எழுதுவது, ராம் என்று ஐந்து வகை. ராம் வட்டில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலிலிருந்து பார்க்கலாம், அருமையான வசதி. ஆனால் வேறு வீட்டு பிளேயர்கள் பெரும்பாலும் அதைத் தொடாது. ஒருமுறை எழுதும் வட்டோ, கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்தால்தான் வெளியே ஓடும். இதை நான் அறியாமல் ஒரு குடும்ப விழாவின் பதிவை எழுதி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அக்கா போனில், "தம்பி, உள்ள ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுதுடா" என்றாள். வட்டு நன்றாகத்தான் இருந்தது. அதன் பொருளடக்கம் மட்டும் என் ரெக்கார்டருக்கு மட்டுமே புரிகிற நிலையில் மூடப்படாமல் இருந்திருக்கிறது. திரும்ப வரவழைத்து, ஃபைனலைஸ் செய்து, மறுபடி அனுப்பினேன். கேசட்டில் இந்தத் தொல்லை இருந்ததே இல்லை. எந்த டெக்கில் பதிந்தாலும், அதே முறை டெக் வேறு எங்கே இருந்தாலும் ஓடும். அந்தக் குணத்தின் அருமையை அன்றுதான் முதல்முறை உணர்ந்தேன்.

டிவிடி ரெக்கார்டரில் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சேனலைப் பிடிக்க உள்ளே இருக்கும் டியூனர் பெரும்பாலும் பழைய அனலாக் அலைவரிசைக்கானது. நெதர்லாந்து 2006 இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது, அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூனில், பிரிட்டன் 2012 இல். அப்படி நிறுத்திய இடங்களில் அந்த டியூனருக்குப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. செட்-டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வழியாகத்தான் படம் வர வேண்டும். அப்படியானால் இரண்டு டைமர். பாக்ஸ் சரியான நேரத்தில் சரியான சேனலுக்கு மாற வேண்டும், ரெக்கார்டர் அதே நேரத்தில் பதிவைத் தொடங்க வேண்டும். ஒன்று தவறினால் இரண்டு மணி நேரம் வேறு சேனல் பதிவாகியிருக்கும். எனக்கு மூன்று முறை ஆகியிருக்கிறது. சரி, எச்.டி.எம்.ஐ. ஒயரில் பதியலாமே என்றால், அதில் எச்.டி.சி.பி. என்ற பூட்டு வருகிறது. திரைக்குப் படம் போகும், ரெக்கார்டருக்குப் போகாது.

அடுத்து, பதிவு வசதியுள்ள செட்-டாப் பாக்ஸ். டிவோ, ரீப்ளே டிவி என்ற டிஸ்க்கில் பதியும் கருவிகள் 1999 இல் தொடங்கிவைத்த பரம்பரை இது. வசதியில் இதற்கு ஈடு கிடையாது, இதை முழு மனதோடு சொல்கிறேன். நிகழ்ச்சி அட்டவணையில் பெயரைத் தொட்டால் போதும். தொடர் முழுவதையும் தானே பதிந்துகொள்ளும். இரண்டு டியூனர் இருந்தால் ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றதைப் பதியலாம். வானத்திலிருந்து வரும் டிஜிட்டல் ஓடையை அப்படியே டிஸ்க்கில் எழுதுவதால் தரம் துளியும் குறையாது. நொடிக்கு 8 மெகாபிட் வரும் சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 270 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அம்மாவுக்குச் சிவப்பு பட்டனும் இருந்தது. சில மாதம் நிம்மதியாக ஓடியது.

பிறகு ஒரு நாள் காலையில் பாக்ஸ் உயிர் பெறவில்லை. போர்டு போய்விட்டது. டிஸ்க் நன்றாக இருந்தது, காதை வைத்தால் சுழலும் ஓசை கேட்டது. அதைக் கழற்றி வேறு ஒரு பாக்ஸில், அதே வகை பாக்ஸில், மாட்டினேன். திரையில் ஒரே வரி: 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' பதிவுகள் அனைத்தும் முதல் பாக்ஸின் சாவியால் பூட்டப்பட்டவை. அந்தச் சாவி செத்த போர்டோடு போய்விட்டது. அம்மா பள்ளிப் பருவத்துத் தோழியை ஒரு கலந்துரையாடல் நிகழ்ச்சியில் பார்த்து, பதைபதைத்துச் சிவப்பு பட்டனை அமுக்கிப் பதிந்த அரைமணி நேரமும் அதில் இருந்தது. "டிஸ்க் நல்லாத்தானே இருக்கு?" என்று அம்மா கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. டேப் அறுந்தால் ஒட்டலாம். டெக் செத்தால் கேசட்டை இன்னொரு டெக்கில் போடலாம். இங்கே பொருள் முழுசாகக் கையில் இருக்கிறது, திறக்க வழி இல்லை.

அன்றிலிருந்து கருவியைப் பார்க்கும் என் பார்வை மாறிவிட்டது. படத்தின் தரம், டியூனர் எண்ணிக்கை, டிஸ்க் அளவு எல்லாம் இரண்டாம் பட்சம். பதிந்ததை அந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா? இதுதான் முதல் கேள்வி. கொடுக்க முடியாது என்றால், அந்தப் பதிவு நம்முடையது அல்ல.

அமெரிக்காவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 2012 இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் வீட்டில் பதிந்துகொண்டே இருந்தார். சேர்ந்தவை சுமார் 70,000 கேசட்டுகள். அவருக்குப் பின் அவை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. யார் வீட்டு டெக்கில் பதிந்திருந்தாலும் அதே முறையுள்ள எந்த டெக்கிலும் ஓடும் என்பதால்தான் அது நடந்தது. பூட்டிய டிஸ்க்குகளில் அவர் பதிந்திருந்தால் நம்மிடம் எஞ்சியிருப்பது இரும்பும் கண்ணாடியும்தான். வீட்டில் பதிவது சட்டப்படி சரியா என்ற கேள்வி பீட்டாமேக்ஸ் வழக்காக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வது நியாயமான பயன்பாடே என்று 1984 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் தீர்ப்பு வந்தது. ஒரே ஒரு நீதிபதியின் கை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தச் சிவப்பு பட்டனின் கதையே வேறு.

ஆகவே, எந்தப் பாக்ஸை எடுப்பதாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். காலி யூ.எஸ்.பி. டிஸ்க் ஒன்றை மாட்டி ஐந்து நிமிடம் பதியுங்கள். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போடுங்கள். டி.எஸ். என்று முடியும் ஃபைல் ஒன்று இருந்து, வி.எல்.சி. போன்ற சாதாரண பிளேயரில் ஓடினால் நல்லது. டிஸ்க்கையே கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை என்றாலோ, ஃபைல் இருந்தும் ஓடவில்லை என்றாலோ, அது பூட்டுப் பெட்டி. பதிவு வசதியுள்ள டிவிகளிலும் இந்தப் பூட்டு பரவலாக இருக்கிறது. காலி டிஸ்க் என்று சொல்வதற்குக் காரணம், பல பாக்ஸ்கள் மாட்டியவுடன் ஃபார்மேட் செய்யக் கேட்கும், ஆம் என்றால் இருப்பதெல்லாம் போய்விடும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் வளராது, நீளமான பதிவு துண்டு துண்டாகிவிடும். பென் டிரைவில் பதியாதீர்கள். எழுதும் வேகம் தடுமாறினால் படம் அங்கங்கே உறையும். பாக்ஸின் யூ.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் டிஸ்க்குக்குப் போதாமலும் போகலாம். தனி மின்சாரம் உள்ள டிஸ்க் என்றால் அந்தக் கவலை இல்லை.

கம்ப்யூட்டரில் டியூனர் வைத்து, டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருளால் பதிவதும் ஒரு வழி. பூட்டே கிடையாது, முழுச் சுதந்திரம். ஆனால் கட்டணச் சேனல்கள் பெரும்பாலும் வராது. சிவப்பு பட்டனும் இல்லை. தனியாக இருப்பவருக்கு, நேரம் உள்ளவருக்குச் சரி. ஓடிடி இருக்கும்போது பதிவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: போன வருடம் இருந்த படம் இந்த வருடம் அதே இடத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கடைசியில் நான் வந்து நின்றது இலவச ஒளிபரப்பைப் பிடிக்கும் ஒரு சாதாரண பாக்ஸில். விளம்பரப்படுத்தும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வெளி டிஸ்க்கில் பூட்டில்லாமல் பதிகிறது, ரிமோட்டின் மேல் ஓரத்தில் சிவப்பு பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை வேண்டியதை இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிடுகிறேன். நான்கு வேலையில் மூன்று தீர்ந்தது.

நான்காவது, பழைய கேசட்டுகள். தயவுசெய்து டெக்கை எறியாதீர்கள், கேசட்டுகளை மாற்றி முடிக்கும்வரையாவது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015 இலேயே எச்சரித்தது. 2025 க்குள் எண்முறைக்கு மாற்றப்படாத டேப்புகள் பெரும்பாலும் தொலைந்தவைதான் என்றது. டேப் கெட்டுப்போவது பாதிக் காரணம். ஓட்டக் கருவி இல்லாமல் போவது மீதிக் காரணம். நான் டெக்குக்கு ரப்பர் உருளையும் பெல்ட்டும் மாற்றினேன். ஹெட்டைச் சுத்தம் செய்தேன். தவறி மேலே பதிந்து அழிந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு கேசட்டிலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை முதலில் உடைத்தேன். வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்த இரண்டு கேசட்டுகளை ஒதுக்கிவைத்தேன். அவற்றைப் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மற்றவற்றை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிடிப்பு தளர்ந்த பிறகுதான் பதிவுக்குப் போட்டேன்.

அந்தப் பழைய டிவிடி ரெக்கார்டர் இங்கேதான் மறுபடி கை கொடுத்தது. பழைய டேப்பில் கோடுகள் ஒரே நேரத்துக்குத் தொடங்காது, படத்தின் ஓரம் நெளியும். டெக்கின் படத்தை ரெக்கார்டருக்குள் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுத்து, அதைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் அந்த நெளிவு வெகுவாக நிமிர்ந்துவிடுகிறது. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது. பானசோனிக்கின் இ.எஸ்.10 இந்த ஒரு குணத்துக்காகவே டேப் மாற்றுபவர்களிடம் பெயர் பெற்றது. படத்தை 720க்கு 576 அளவில், ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கோடுகளைக் கலந்துவிடாமல், வந்தபடியே சேமித்தேன். அழகுபடுத்துவதை மூலத்தின் மேல் செய்யக்கூடாது, பிரதியின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

இந்த வேலைக்குக் குறுக்கு வழி இல்லை. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அப்படி உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அப்பா பதிந்த எதிலும் விளம்பரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு இடைவேளையிலும் முதல் விளம்பரத்தின் ஒரு நொடி மட்டும் இருக்கிறது: ஒரு சிரித்த முகம், ஒரு சோப்பு உறை, பாட்டின் முதல் எழுத்து. உடனே வெட்டு. நிகழ்ச்சி தொடர்கிறது. பழைய பதிவின் மேல் பதிந்த கேசட்டுகளில், புதிய பதிவு தொடங்கும் இடத்தில் வானவில்போல நிறம் படர்ந்து மெல்ல மேலேறி மறைகிறது. அந்த ஒரு நொடி, விளம்பரம் என்று தெரிந்து, பதிவைத் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் பட்டனில் அவர் கட்டைவிரல் இறங்க எடுத்துக்கொண்ட நேரம். ஹெட்டையும் டேப்பையும் காக்க, ஐந்து நிமிடம் போல பாஸில் இருந்தால் எங்கள் டெக் தானாகவே பதிவை நிறுத்திவிடும். அதனால் அவர் எழுந்து போகவே மாட்டார். ரிமோட் கையில், பார்வை திரையில். வீட்டில் எங்களுக்குப் பதிந்துகொடுத்த நிகழ்ச்சிகளை அவர் நிம்மதியாகப் பார்த்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த நொடிகளை நான் வெட்டவில்லை. மென்பொருள் அவற்றைத் தானே கண்டுபிடித்து நீக்கித் தருவதாகச் சொன்னது, வேண்டாம் என்றேன்.

டெக் விழுங்கிய அந்தக் கேசட்டைக் கடைசியாகத்தான் போட்டேன். பயம்தான் காரணம். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கசங்கிய இடம் வந்தபோது படம் மூன்று நொடி கிழிந்து, வெள்ளைக் கீற்றுகள் ஓடி, மறுபடி கூடிவிட்டது. இரண்டாம் மணி நேரத்தில் ஒரு இடைவேளை. சிரித்த முகம் வந்தது. வெட்டு விழவில்லை. அந்த விளம்பரம் முழுதாக ஓடியது. அடுத்ததும் தொடங்கி முடிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். "அன்னிக்கு அசதியில தூங்கிட்டாரு போல" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்றாவது விளம்பரம் பாதி ஓடியிருக்கும், வெட்டு விழுந்தது.

"முழிச்சிட்டாரு" என்றார் அம்மா.